வயதை உயர்த்துவதா, ஒற்றைச் சிகரெட்டை நிறுத்துவதா?

6 செப்டம்பர் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

புகையிலைப் பொருட்களை வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்தலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ஆம் ஆண்டின் திருத்த வரைவில் முன்மொழிந்தது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. ஆகாமல் போனதே நல்லது என்பேன். சட்டத்துக்குப் பயந்து சிகரெட்டைத் தொடாமல் இருந்த பையனை நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொன்னால் அந்த வயது அதைத்தான் தேடிப் போகும். இது பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். அரசுக்கு இதில் என்ன வேலை? மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்.

6 செப்டம்பர், இரவு

தென்காசி மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் புகையிலைத் தடுப்புக் குழு என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் கையெழுத்திடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் சட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று தெரிந்துகொள்வோம். 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்றும் கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக்கூடாது என்றும் கூறுகிறது. இரண்டுமே விற்பவருக்கான கட்டளைகள். பையன் பயந்தானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கடைக்காரர் பயந்தாரா என்று கேளுங்கள், அதற்கு என்னிடம் நிறையப் பதில் இருக்கிறது.

சான்று கேட்டீர்கள். தேசிய அளவிலான பெரியோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 24 வயது வரையுள்ளோரில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-10-இல் 18.4 விழுக்காடாக இருந்தனர், 2016-17-இல் 12.4 விழுக்காடாகக் குறைந்தனர். 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 2009-இல் 14.6, 2019-இல் 8.5. இந்தச் சரிவு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அந்த ஆண்டுகளில் விலையும் ஏறியது, பெட்டியின் மேல் படமும் வந்தது, திரையரங்கில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் இவை மூன்றும் அரசு செய்தவைதாம். பெற்றோர் திடீரென்று பத்தாண்டுகளில் கண்டிப்பானவர்களாக மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

7 செப்டம்பர்

வயது வரம்பைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லாமல் விட்டதை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

21 என்பது புதுமையன்று. இலங்கையில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அதுதான் வரம்பு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் என்ற சிற்றூர் 2005-இல் தொடங்கியதை 2019 டிசம்பரில் நாடு முழுவதற்கும் சட்டமாக்கினார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: பள்ளியின் கடைசி வகுப்பில் 18 வயது நிரம்பியவனும் இருப்பான், அவன் வாங்கித் தன்னைவிட இளையவர்களுக்குக் கொடுப்பான், வரம்பை 21-க்குக் கொண்டுபோனால் அந்தக் கை பள்ளி வளாகத்துக்குள் இருக்காது.

நம் ஊரில் பிளஸ் டூ முடிக்கிறவனுக்கே பெரும்பாலும் 17 வயதுதான். ஆகவே அந்த வாதம் பள்ளியைவிடப் பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆகியவற்றின் முதலாண்டு மாணவர்களுக்குத்தான் இங்குப் பொருந்தும். அது சிறிய ஆதாயமன்று. ஆயினும் 18 என்ற வரம்பையே எந்தக் கடையிலும் கேட்பாரில்லாத நிலையில், 21 என்று பலகையில் மாற்றி எழுதுவதால் பெயிண்டருக்குத்தான் முதலில் கூலி கிடைக்கும்.

10 செப்டம்பர்

என் கருத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வயது வரம்பை ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றைச் சிகரெட் விற்பனையைப் பாருங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. முன்பக்கத்தில் கடலை மிட்டாய், தேன் மிட்டாய், எலந்தவடைப் பாக்கெட் என்று கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால், கடைக்காரரின் கை எட்டும் இடத்தில், மூடி கிழித்த சிகரெட் பெட்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். தூணில் ஒரு லைட்டர் கயிற்றில் கட்டித் தொங்கும். வருகிறவர் பெயர் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஒரு விரலை உயர்த்தினால் போதும். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, வடிகட்டி உள்ள முனை வாங்குபவர் பக்கம் இருக்குமாறு நீட்டுவார். கூடவே வாடை போக ஒரு புதினா மிட்டாய். மிட்டாய்க்கும் சிகரெட்டுக்கும் சேர்த்து ஒரே சில்லறை.

இந்தச் சிறிய கைமாற்றத்தில் என்னென்ன காணாமல் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரு முகப்பிலும் 85 விழுக்காடு அளவுக்குப் படத்துடன் எச்சரிக்கை இருக்க வேண்டும். அதற்காக அரசு நீதிமன்றம் வரை போனது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்த விதியை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இவ்வளவு வழக்காடிக் காப்பாற்றிய படத்தை ஒற்றைச் சிகரெட் வாங்குகிற பையன் பார்ப்பதே இல்லை. பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் பெட்டியில் அச்சாகிறது. அதையும் அவன் பார்ப்பதில்லை. வரியை உயர்த்திப் பெட்டியின் விலையைக் கூட்டினால், முழுப் பெட்டி வாங்கத் தயங்குவான் என்பது கணக்கு. அவன் முழுப் பெட்டியை என்றைக்கு வாங்கினான்? ஒன்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஏறினால், இருவர் சேர்ந்து ஒன்றை இழுப்பார்கள்.

படம், தொலைபேசி எண், வரி ஆகிய மூன்று கருவிகளும் பெட்டியை நம்பி இருக்கின்றன. பெட்டியைப் பிரித்து விற்க விடும்வரை, பிள்ளைகள் விஷயத்தில் மூன்றும் பாதி வலுவோடுதான் வேலை செய்யும்.

11 செப்டம்பர்

"கர்நாடகத்தில் 2017-லேயே ஒற்றை விற்பனையைத் தடை செய்தார்களே, நின்றுவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நிற்கவில்லை. மகாராஷ்டிரமும் 2020 செப்டம்பரில் தடை செய்தது. பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தெருமுனைத் தேநீர்க் கடையைக் கவனிப்பேன்; ஒற்றைச் சிகரெட்டை மறுக்கும் கடைக்காரரை இன்னும் நான் சந்திக்கவில்லை. ஆனால் அங்கே விற்பவர் அதை வெளியில் பரப்பி வைப்பதில்லை. மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். 13 வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. மேசைக்கு அடியில் இருப்பதைக் கேட்க ஒருவனுக்குத் துணிச்சலும் பழக்கமும் வேண்டும்.

14 செப்டம்பர்

சிறு வியாபாரியின் வயிற்றில் அடிக்கிறேன் என்று கோபித்துக்கொண்ட நண்பருக்கு.

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: புகையிலை விற்பவர் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும், உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை விற்கக்கூடாது. வணிகர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. காரணம் விளங்குகிறது. பெட்டிக்கடைக்காரருக்கு மிட்டாயில் வருமானம் குறைவு, சிகரெட்டில் ஓட்டம் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் வாடகை கொடுக்க முடியும்.

ஆயினும் அந்தக் கடிதத்தை எழுதியவர் எங்கள் ஊர்க் கடையை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. மிட்டாய் வாங்க வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எந்தப் பெட்டி எந்த நிறம் என்று மனப்பாடமாகச் சொல்லும். நிறுவனம் விளம்பரம் செய்யக்கூடாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது. மிட்டாய்ப் புட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்த பெட்டி அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவிடுகிறது.

14 செப்டம்பர், மீண்டும்

"அப்படியானால் கடைக்காரர் என்ன செய்வார்?" என்பதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. உரிமக் கட்டணத்தைச் சிறிய கடைகளுக்கு மிகக் குறைவாக வைத்து, மிட்டாயா சிகரெட்டா என்று தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டுகளாவது அவகாசம் தரலாம். ஒரே நாளில் அமல்படுத்தினால் காவலருக்குத்தான் வருமானம்.

19 செப்டம்பர்

காவலர் பற்றிய வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதிவிட்டார்கள். சட்டத்தின் வாசகத்தையே வைத்துப் பேசுகிறேன்.

2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறுவனுக்கு விற்ற கடைக்காரருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம். செயல் ஒன்றே, தண்டனைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவதற்குக் கடைக்காரர் பயப்படமாட்டார்; அது அவருடைய அரைநாள் வருமானம்கூட இல்லை. இரண்டாவதை ஒரு பெட்டிக்கடைக்காரர் மீது பதிய மனசாட்சியுள்ள எந்த அதிகாரியும் தயங்குவார். நடுவில் எதுவும் இல்லாததால், பெரிய பிரிவின் பெயரைச் சொல்லி மிரட்டிச் சிறிய தொகையோடு முடித்துக்கொள்ளும் வழக்கம்தான் வளர்கிறது.

உரிமம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. சிறைத்தண்டனையும் வேண்டாம், 200 ரூபாயும் வேண்டாம். முதல் முறை பிடிபட்டால் ஒரு மாதம் உரிமம் நிறுத்தம் என்று இருக்கட்டும். எந்தக் கடைக்காரரும் ஒரு மாத விற்பனையை ஒரு பையனுக்காக இழக்கமாட்டார்.

21 செப்டம்பர்

கொஞ்சம் சிரிப்பதற்கு. மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுத்துப் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் மே 31 கோடை விடுமுறை. ஆகவே தலைமையாசிரியர், எழுத்தர், நான், சத்துணவுக் கூடத்தின் அருகில் எப்போதும் படுத்திருக்கும் நாய் ஆகியோர் வரிசையில் நின்று, இனி வாழ்நாளில் புகையிலையைத் தொடமாட்டோம் என்று உறுதி கூறியிருக்கிறோம். நாய் இன்றுவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறது.

நூறு கெஜம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதில்சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் ஆர வட்டமாக அளக்க வேண்டும் என்பது விதி. அதாவது 91 மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் ஊரில் இரண்டு பள்ளிகள், ஒரு அங்கன்வாடி, மாடியில் நடக்கும் தட்டச்சுப் பயிலகம். எல்லாவற்றையும் கல்வி நிறுவனம் என்று கொண்டு வட்டம் போட்டால் கடைத்தெருவே உள்ளே வந்துவிடும். எங்கள் பள்ளிக்கான எல்லையாக மஞ்சள் கோடு போட்டோம். ஒரு கடையின் வாசற்படிக்குச் சரியாக ஒரு சாண் முன்னால் கோடு முடிந்தது. பெயிண்டர் அந்தக் கடையில் கணக்கு வைத்திருப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

28 செப்டம்பர்

பீடியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்ட நண்பருக்கு: எழுதத் தயங்கினேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் சுளகு, சுளகில் ஈரத்துணி சுற்றிய இலை, ஓரத்தில் தூள். கத்தரியால் இலையை அளவாக நறுக்கி, தூளை வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடித்து நூல் கட்டும்வரை அவர் கீழே பார்க்கவே மாட்டார். எங்களுடன் பேசிக்கொண்டே கை தானாக ஓடும். பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து வந்த கல்வி உதவித்தொகையில் எனக்குச் சீருடையும் நோட்டும் வாங்கியிருக்கிறார்கள். புகையிலைக்கு எதிராக இன்று நான் எழுதும் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததில் பீடிக்கும் பங்குண்டு. இதை மறைத்துவிட்டு இந்த விவாதத்தில் கலந்துகொள்வது சரியாகாது.

இந்த மாதம் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றம் எடுத்த முடிவில், சிகரெட்டுக்கு 40 விழுக்காடு, பீடிக்கு 28-லிருந்து 18, பீடி இலைக்கு 18-லிருந்து 5. தொழிலாளியைக் காப்பதற்காக என்று காரணம் சொல்கிறார்கள். ஆயிரம் பீடிக்குக் கிடைக்கும் கூலியை வரி தீர்மானிப்பதில்லை. கம்பெனிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இலைக்கு வரி குறைந்ததால் சுற்றுகிறவளின் கையில் ஒரு ரூபாய் கூடினால் நான் மகிழ்வேன். ஆனால் கடையில் பீடிக்கட்டு மலிவாகும் என்பது மட்டும் உறுதி. 2019-ஆம் ஆண்டு மாணவர் கணக்கெடுப்பில், பீடி புகைத்த மாணவர்களில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிரம்பும் முன்பே அதைத் தொடங்கியவர்கள். சிகரெட்டில் அது 38. எது மலிவோ அது முதலில் பிள்ளையின் கைக்கு வருகிறது.

2 அக்டோபர்

இந்தத் தேதி தற்செயலாக அமைந்தது. 2008-ஆம் ஆண்டு இதே நாளில்தான், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைப்பதற்கான தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே 2001-இல் முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். நகரப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் ஒருவர் பீடியைப் பற்ற வைப்பார். நடத்துநர் சில்லறை கேட்டுக்கொண்டே கடந்து போவார். திரையரங்கில் ஒளிக்கற்றையில் புகை சுருள் சுருளாக ஏறும். என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அந்தத் தடை பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டதன்று. ஆனால் பெரியவர்கள் நடுவில் சிகரெட் இயல்பான பொருள் என்ற எண்ணத்தை அது பிள்ளைகளின் கண்ணிலிருந்து அகற்றியது. இளைஞர்களுக்கென்று தனியாகப் போட்ட எந்த விதியைவிடவும் இது அதிகம் சாதித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டார் பொறுப்பு என்ற கேள்வியாளருக்கும் இதில் பதில் இருக்கிறது: பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைத் தடுக்க எந்தப் பெற்றோரால் முடிந்திருக்கும்?

5 அக்டோபர்

வீட்டார் என்றதும் இன்னொன்று. "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க அண்ணாச்சி." இந்த வாக்கியம் எங்கள் ஊர்க் கடைகளில் அடையாள அட்டையைப் போல் செல்லுபடியாகும். உண்மையாகவே அப்பா அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. சொந்தத் தேவைக்கு அப்பாவின் பெயரைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. கடைக்காரரால் பிரித்தறிய முடியாது. சட்டப்படி அவர் பிரித்தறிய வேண்டியதும் இல்லை; 18 நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவே கூடாது என்பது 2011-ஆம் ஆண்டு விதி. மகனைக் கடைக்கு அனுப்பும் தந்தையைப் பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டபோது, "சார், காலு வலிக்கு, அவன் சைக்கிள்ல போயிட்டு வந்திருவான்" என்றார். கெட்ட மனிதர் அல்லர். அரசு அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை; விளம்பரமெல்லாம் நுரையீரலைப் பற்றியே பேசுகிறது.

12 அக்டோபர்

வேண்டாம் என்றால் வேண்டும் என்பார்கள் என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராக வரவில்லை.

இதில் உண்மை உண்டு. ஆனால் அது சட்டத்தைப் பற்றிய உண்மையன்று, பேச்சைப் பற்றியது. அமெரிக்காவில் 1998-இல் ஒரு பெரிய சிகரெட் நிறுவனமே இளைஞர்களிடம் புகைக்காதீர்கள் என்று விளம்பரம் செய்தது. அவ்விளம்பரங்களைப் பார்த்த இளைஞர்களிடம் பயன் இல்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. இது பெரியவர்கள் விஷயம், உனக்கு இன்னும் வயதாகவில்லை என்ற தொனியில் சொன்னால், எந்தப் பையனும் வயதானவனாகிக் காட்டத்தான் பார்ப்பான். அதே ஆண்டில் புளோரிடா மாநிலம் வேறு விதமாகப் பேசியது: உன்னை வாடிக்கையாளராக்க ஒரு நிறுவனம் திட்டமிடுகிறது, நீ ஏமாறப் போகிறாயா என்று கேட்டது. அது பலித்தது. என் வகுப்பில் புற்றுநோய்ப் படத்தைக் காட்டினால் பின்வரிசையில் சிரிப்புத்தான் வரும். எல்ஐசி நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறது என்றும், புகையிலைப் பயிரை வளர்க்க வணிக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் ஒரு வாரியம் இயங்குகிறது என்றும் சொன்னபோது பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப நம்மள வச்சுக் காமெடி பண்றாங்களா சார்?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கோபம் எனக்குப் பயன்பட்டது.

20 அக்டோபர்

தீபாவளி வாழ்த்துகள். ஊதுபத்தியால் வெடி கொளுத்தலாம், சிகரெட் தேவையில்லை என்று மாமாக்களுக்குச் சொல்லுங்கள்.

26 அக்டோபர்

"உங்கள் பள்ளியில் இப்போது சிகரெட்டா பிரச்சினை?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் ஒதுக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பொட்டலம்தான் இன்று பெரிய தலைவலி. புகை இல்லை, வாடை குறைவு, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, மெல்லும் புகையிலை வகைகளுக்குத் தடை; ஆனால் எல்லா மாநிலங்களிலும் இந்தத் தடை ஒன்றுபோல் இல்லை. புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம் என்றிருக்கும் எங்களைப் போன்ற எல்லை மாவட்டக்காரர்களுக்கு, மாநிலங்களுக்கு ஒவ்வொரு சட்டம் என்பது எவ்வளவு பலவீனமானது என்று விளக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல், மாணவர்களிடம் பரவும் 'கூல் லிப்' வகையை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது இதனால்தான்.

முழுத் தடையை ஆதரிப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். தடை செய்த பொருளுக்கு உரிமம் கிடையாது, எச்சரிக்கைப் படம் கிடையாது, வயது கேட்கும் கடமையும் கிடையாது. அதை விற்பவர் 40 வயதுக்காரரிடமும் 12 வயதுப் பிள்ளையிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்.

2 நவம்பர்

மாலத்தீவில் நேற்று முதல், 2007 ஜனவரி 1-ஆம் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகையிலை விற்பது என்றென்றைக்கும் தடை. நியூசிலாந்து இதைத்தான் 2022-இல் சட்டமாக்கி, ஆட்சி மாறியதும் 2024-இல் கைவிட்டது. "இதுதான் வழி" என்று இருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார்கள். மாலத்தீவுக்குப் புகையிலை கப்பலிலும் விமானத்திலும்தான் வந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது பின்கட்டில், அம்மாவின் சுளகில் இருந்தது. சுற்றுகிறவளுக்கு வேறு வேலை காட்டாமல் பிறந்த ஆண்டைக் கணக்கிடும் சட்டம் இங்கே வந்தால், சுற்றுவது நிற்காது, கூலிதான் பாதியாகும்.

9 நவம்பர்

ஒற்றை விற்பனையைத் தடுத்தால் நிறுவனங்கள் ஐந்து சிகரெட் கொண்ட சிறு பெட்டியை இறக்கிவிடுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த இழையில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தியா 2004-இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-ஆம் உறுப்பு, ஒற்றையாக விற்பதையும் சிறு பெட்டிகளில் விற்பதையும் ஒரே வரியில் சேர்த்தே தடுக்கச் சொல்கிறது. சிறுவர்களால் வாங்க முடிகிற விலைக்கு அவை இறங்கிவிடுகின்றன என்ற காரணத்தையும் அதே வரியில் தருகிறது. 2020 வரைவில் 21 வயது வரம்போடு ஒற்றை விற்பனைத் தடையும் இருந்தது. வரைவு முழுவதையும் நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு நேரமில்லை என்றால், கர்நாடகமும் மகாராஷ்டிரமும் செய்ததைப் போல் மாநில அரசே ஆணையிடலாம். எச்சரிக்கை இல்லாமல் விற்கக்கூடாது என்ற 7-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அந்த ஆணையிலேயே பெட்டிக்குக் குறைந்தது இருபது என்றும், கடைக்கு உரிமம் கட்டாயம் என்றும் எழுதக் கோரி, எங்கள் குழுவின் பெயரில் மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராகிறது. வாசகத்தைத் திருத்தித் தர விரும்புகிறவர்கள் தனிமடலில் எழுதுங்கள். வணிகர் சங்கத்தைச் சேர்ந்த நண்பரும் எழுதினால், அவகாசம் பற்றிய பத்தியை அவரிடமே விட்டுவிடுகிறேன்.